ரக்பி லீக்கில் ஒரு ஃபார்வர்டின் தொழில் வாழ்க்கை: ஆர்தர் பீட்சனை முன்வைத்து

கேள்வி இது: “ரக்பி லீக்கில் ஃபார்வர்டுகள் ஆட்டம் முழுக்க முட்டி மோதுகிறார்கள். ஆனால் புள்ளி எடுப்பதும் பெயர் வாங்குவதும் பெரும்பாலும் வேறு யாரோதான். அப்படியானால் ஒரு தொழில்முறை ஃபார்வர்டின் வாழ்க்கை எப்படிப்பட்டது? எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்க முடியும்? வருமானம் எங்கிருந்து வரும்? பிறகு என்ன செய்வார்கள்? உண்மையான ஒருவரை வைத்துச் சொல்ல முடியுமா?”

சொல்லலாம். இன்றைய நட்சத்திரம் ஒருவரை எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் முடிந்துபோன ஒரு வாழ்க்கையைத்தான் முழுதாக அளக்க முடியும். ஆகவே ஆர்தர் பீட்சனை எடுத்துக்கொள்கிறேன். 1964இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் தொடங்கி 1981 வரை ஆடியவர். அவர் ஆடிய காலத்தில் ஆட்டத்தின் அடிப்படை விதியே இரண்டு முறை மாறியது. ஆட்டக்காரரைக் கிளப் கட்டிப்போடும் சட்டம் உடைந்ததும், மாநிலத்துக்கு யார் ஆடலாம் என்ற விதி தலைகீழானதும் அதே காலத்தில்தான். ஒரு ஃபார்வர்டைப் பாதிக்கக்கூடிய எல்லா மாற்றங்களையும் தன் உடம்பில் வாங்கிக்கொண்டவர் அவர்.

முதலில் ஆட்டத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இலங்கையில் பள்ளிகளும் கிளப்புகளும் ஆடுவது ரக்பி யூனியன். அதில் அணிக்குப் பதினைந்து பேர். ரக்பி லீக் 1895இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் அதிலிருந்து பிரிந்து வந்தது. சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு ஆட வந்த சுரங்க, ஆலைத் தொழிலாளர்களுக்கு அன்றைய கூலியை ஈடுகட்டலாமா கூடாதா என்பதுதான் சண்டை. பணம் கேட்டுப் பிறந்த ஆட்டம் இது. இந்தப் பதில் முழுக்கப் பணம் குறுக்கே வந்துகொண்டே இருப்பதற்கு அதுவே காரணம். ஆஸ்திரேலியாவில் 1908 முதல் சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் இந்த ஆட்டம் வேர்பிடித்தது.

அணிக்குப் பதின்மூன்று பேர். அதில் ஆறு பேர் ஃபார்வர்டுகள்: இரண்டு ப்ராப், ஒரு ஹூக்கர், இரண்டு செகண்ட் ரோ, ஒரு லாக். பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்தினால் அது ஒரு டேக்கிள். அவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னே உருட்ட, ஆட்டம் தொடரும். இன்றைய விதிப்படி ஆறு டேக்கிள்களுக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. கபடி பார்த்தவர்களுக்கு இந்தப் பிடி புரியும்; இங்கே பாடிவருபவர் கையில் பந்தும் இருக்கிறது, கோட்டுக்குத் திரும்பி ஓடவும் வழியில்லை, முன்னே மட்டும்தான் போக வேண்டும். முதல் இரண்டு மூன்று டேக்கிள்களில் பந்தை வாங்கிக்கொண்டு, நேரே எதிரணியின் சுவரில் போய் மோதி, பத்துப் பதினைந்து மீட்டர் நிலத்தைப் பிடிப்பது ப்ராப்பின் வேலை. எதிரணி தாக்கும்போது அதே ஆட்களை நிறுத்துவதும் அவர் வேலைதான். நடுக்களத்து ஃபார்வர்ட் ஒருவர் ஓர் ஆட்டத்தில் முப்பது நாற்பது டேக்கிள் செய்வது சாதாரணம். இதில் எதுவும் ஸ்கோர் பலகையில் ஏறாது.

இந்த இடத்தில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபார்வர்ட் தேர்வாவது உடம்பால், நிலைப்பது கையால். பெரிய உடம்புள்ள இளைஞர்கள் எல்லாத் தலைமுறையிலும் கிடைப்பார்கள். முப்பது வயதுக்கு மேலும் ஓர் அணி ஒருவரை வைத்திருக்கிறது என்றால், மூன்று பேர் அவரைக் கட்டிப்பிடித்துத் தொங்கும்போதும் பந்தை வெளியே கொடுக்கத் தெரிந்த கை அவரிடம் இருக்கிறது என்று பொருள். ஆஃப்லோடு என்று அதைச் சொல்வார்கள். பீட்சன் அந்தக் கலையின் பெரிய ஆசான்.

அவர் பிறந்தது 1945 ஜனவரியில், குயின்ஸ்லாந்தின் தலைநகர் பிரிஸ்பேனுக்கு மேற்கே ஏறக்குறைய 480 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரோமா என்ற ஊரில். ஆடுமாடும் கோதுமையும் சார்ந்த உள்நாட்டு ஊர். தாயார் தொல்குடிப் பெண். சிறுவயதில் அரசால் குடும்பத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட குழந்தைகளில் ஒருவர். மகன் பத்தொன்பது வயதில் கடற்கரையோர ரெட்கிளிஃப் கிளப்புக்கு வந்தார். 1965இல் ரெட்கிளிஃப் பிரிஸ்பேன் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டே சிட்னியின் பால்மெய்ன் கிளப் அவரை அழைத்துக்கொண்டது.

ஏன் சிட்னி? பீட்சனின் வாழ்க்கை மட்டுமல்ல, குயின்ஸ்லாந்தின் முப்பதாண்டு வரலாறே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1956இல் கிளப்புகளில் போக்கர் எந்திரங்கள் சட்டபூர்வமாயின. ரக்பி லீக் கிளப்புகள் நடத்திய மதுக்கூடங்களில் அந்தச் சூதாட்ட எந்திரங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. மக்கள் போட்ட காசு ஆட்டக்காரர்களின் ஒப்பந்தமாக மாறியது. குயின்ஸ்லாந்தில் அந்த எந்திரங்களுக்கு 1990கள் வரை அனுமதி இல்லை. எனவே பிரிஸ்பேனிலும் உள்ளூர்களிலும் உருவான நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் தெற்கே போனார்கள். போனவர்கள் அங்கே வசிப்பதால், அக்கால விதிப்படி நியூ சவுத் வேல்ஸ் அணிக்கே ஆடினார்கள். பீட்சனும் அப்படித்தான், தன் சொந்த மாநிலத்துக்கு எதிராகப் பலமுறை ஆடினார். பெற்றெடுத்தது ஒரு மாநிலம், வென்றது இன்னொரு மாநிலம்.

பால்மெய்னில் அவர் சேர்ந்த 1966ஆம் ஆண்டுக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. டேக்கிள்களுக்கு எண்ணிக்கை வரம்பே இல்லாத கடைசிப் பருவம் அது. ஓர் அணி தவறவிடாத வரை பந்தை வைத்துக்கொண்டே இருக்கலாம். வலுவான ஃபார்வர்டுகள் இருந்தால் எதிரணி பந்தையே பார்க்காமல் களைத்துப்போகும். செயின்ட் ஜார்ஜ் கிளப் 1956 முதல் 1966 வரை தொடர்ந்து பதினொரு கோப்பைகளை வென்றதில் இந்த விதிக்கும் பங்குண்டு. பதினொன்றாவதை அவர்கள் வென்றது பால்மெய்னைத் தோற்கடித்து, 23–4. ரசிகர்களுக்குச் சலித்துவிட்டது. 1967இல் நான்கு டேக்கிள் விதி வந்தது. நான்கு என்பது மிகக் குறைவு. மூச்சு விடுவதற்குள் பந்தை உதைத்துவிட வேண்டியிருந்தது. பிறகு 1971இல் ஆறு ஆனது; இன்றுவரை அது மாறவில்லை.

விதி மாறும்போது ஒரு ஃபார்வர்டின் சந்தை மதிப்பும் மாறும். வரம்பில்லாத காலத்தில் சளைக்காமல் உழுதுகொண்டே இருப்பவருக்கு விலை அதிகம். எண்ணிக்கை வந்தபின், அந்தச் சில டேக்கிள்களுக்குள் சுவரில் ஓர் ஓட்டை போடத் தெரிந்தவருக்கு விலை கூடியது. பீட்சன் இரண்டாவது வகை. அவரை ஆரம்பத்தில் ‘அரை ஆட்டக்காரர்’ என்று கேலி செய்தார்கள்: முதல் பாதியில் பிரமாதமாக ஆடுவார், பிறகு மூச்சு வாங்கும் என்பது குற்றச்சாட்டு. அதில் உண்மையும் இருந்தது. நூறு கிலோவுக்கு மேல் எடை, சாப்பாட்டில் அளவில்லா ஆசை. ஹாட் டாக்குகளையும் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரங்களையும் அவர் தீர்த்துக்கட்டிய கதைகள் தனி இலக்கியம். ஆனால் இன்றைய ப்ராப்புகள் இருபத்தைந்து முப்பது நிமிடம் ஆடிவிட்டு வெளியே போய், ஓய்வெடுத்து மறுபடி வருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய லீக்கில் 2016 முதல் ஓர் அணிக்கு எட்டு முறை அப்படி ஆள் மாற்றலாம் என்று விதி வைத்தார்கள். பீட்சன் காலத்தில் அந்தச் சலுகை இல்லை. எண்பது நிமிடமும் களத்தில் நிற்க வேண்டும். இன்று பிறந்திருந்தால் ‘அரை ஆட்டக்காரர்’ என்பது பட்டப்பெயராக இருந்திருக்காது, பதவியின் பெயராக இருந்திருக்கும்.

அடுத்து 1969. ஒரு ஃபார்வர்டின் தொழிலைப் புரிந்துகொள்ள நான் காட்டக்கூடிய மிகச் சிறந்த ஆண்டு இது. பால்மெய்ன் இறுதிப் போட்டியில் சவுத் சிட்னியை 11–2 என்று வீழ்த்தியது. எல்லோரும் சவுத் சிட்னிதான் வெல்லும் என்று நினைத்திருந்தார்கள். இன்றும் பேசப்படும் அதிர்ச்சி வெற்றி அது. அந்த வெற்றியில் பால்மெய்னின் இரண்டு பெரிய ஃபார்வர்டுகள் இல்லை.

ஒருவர் பீட்சன். அதற்கு முந்தைய சுற்றில் மேன்லிக்கு எதிரான ஆட்டத்தில் நடுவர் அவரை வெளியேற்றினார்; தடை விதிக்கப்பட்டது; இறுதிப் போட்டியைப் பார்வையாளராகப் பார்த்தார். அக்கால ஃபார்வர்டுகள் நடுவே அடிதடி அன்றாடம். எதிரணி உங்களைச் சீண்டும்; நீங்கள் திருப்பிக் கொடுத்தால் மாட்டுவீர்கள்; கொடுக்காவிட்டால் அடுத்த வாரமும் சீண்டுவார்கள். பல ஃபார்வர்டுகளின் வாழ்க்கையில் இப்படி ஒரு சில விநாடிகள் ஒரு கோப்பையை விழுங்கியிருக்கின்றன. பீட்சன் பால்மெய்னுக்காகக் கோப்பை வென்றதே இல்லை.

இன்னொருவர் டென்னிஸ் டட்டி. செகண்ட் ரோ ஆட்டக்காரர், நாட்டுக்கு ஆடியவர். அவர் யாரையும் அடிக்கவில்லை. தன் கிளப்பையும் லீக்கையும் எதிர்த்து வழக்குப் போட்டார். அப்போதிருந்த நடைமுறைப்படி ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் கிளப் விரும்பினால் ஓர் ஆட்டக்காரரைத் தன் பட்டியலிலேயே வைத்துக்கொள்ளலாம். விட்டுக்கொடுக்க மாற்றுத்தொகை கேட்கலாம். சம்பளம் போதவில்லை, வேறிடம் போகிறேன் என்று அவரால் சொல்ல முடியாது. டட்டி 1969 பருவம் முழுவதும் ஆடாமல் வீட்டில் இருந்தார். அவர் இல்லாத ஆண்டில் அவருடைய அணி கோப்பை வென்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 1971 டிசம்பரில் அந்த விதி நியாயமற்ற தொழில் தடை என்று தீர்ப்பானது. ஆஸ்திரேலியாவில் விளையாட்டு வீரர்களின் ஒப்பந்தம் பற்றிப் பேசும் சட்டப் புத்தகங்களில் ‘பக்லி எதிர் டட்டி’ இன்றும் இருக்கிறது. பின்னால் வந்த ஆட்டக்காரர்கள் கிளப் மாறிக் கோடிகள் சம்பாதித்ததற்கு அந்த மனிதர் இழந்த பருவம் முன்பணம். பீட்சனைவிட டட்டியின் பெயர் இவ்வளவு குறைவாகப் பேசப்படுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

வருமானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அக்காலத்தில் ‘தொழில்முறை’ என்றால் ஆட்டத்துக்குப் பணம் உண்டு என்று பொருளே தவிர, அந்தப் பணத்திலேயே வாழலாம் என்று பொருளில்லை. பெரும்பாலானோர் பகலில் வேறு வேலை செய்தார்கள், மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். ஆஸ்திரேலியப் பருவம் முடிந்ததும் சிலர் இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள கிளப்புக்கு ஆடிக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பீட்சனும் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ் கிளப்புக்கு ஆடப் போனார், கால் முறிந்தது. முழுநேரச் சம்பளம் என்பது 1990களில்தான் உறுதியானது. தொலைக்காட்சி உரிமைக்காக 1995இல் மூண்ட ‘சூப்பர் லீக் போர்’ சம்பளங்களை ஒரே தாவலில் உயர்த்தியது. அதற்குள் பீட்சன் பயிற்சியாளர் வேலையையே முடித்துவிட்டிருந்தார்.

1971இல் அவர் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கிளப்புக்கு மாறினார். ஆறு டேக்கிள் விதி வந்த அதே ஆண்டு. 1972 இறுதிப் போட்டியில் மேன்லியிடம் 14–19 என்று தோல்வி. 1973இல் ஆஸ்திரேலிய அணியோடு ஐரோப்பா போனபோது, பிரான்ஸுக்கு எதிரான டெஸ்டில் தலைமை அவரிடம் வந்தது. பெரிய குழு விளையாட்டு ஒன்றில் ஆஸ்திரேலியாவுக்குத் தலைமை தாங்கிய முதல் தொல்குடியினர் அவர். மக்கள்தொகைக் கணக்கில் தொல்குடியினரையும் சேர்ப்பதற்கான பொதுவாக்கெடுப்பு நடந்தது 1967 மே மாதம். அப்போது அவர் ஏற்கெனவே நாட்டுக்கு ஆடியிருந்தார். நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடியவரை நாட்டின் அரசியல் சட்டம் பிறகுதான் எண்ணத் தொடங்கியது.

1974இல் ஜாக் கிப்சன் பயிற்சியாளராக வந்தார். கிப்சன் தானே முன்னாள் ப்ராப். அதிகம் பேசாதவர், அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சி முறைகளை ஊன்றிப் படித்தவர், ஒவ்வோர் ஆட்டக்காரரும் எத்தனை டேக்கிள் செய்தார் என்று எண்ணிப் பட்டியலிட வைத்தவர். ஃபார்வர்டின் உழைப்பு அதுவரை பார்ப்பவர் கண்ணுக்கு விடப்பட்டிருந்தது. எண்ணத் தொடங்கியதும் யார் உழைக்கிறார், யார் உழைப்பதுபோல் நடிக்கிறார் என்பது வெளிச்சமானது. ‘அரை ஆட்டக்காரர்’ என்று பெயரெடுத்த ஒருவரை இப்படிப்பட்ட ஆள் என்ன செய்வார் என்று எண்ணுவீர்கள்? தலைவராக்கினார்.

பீட்சனின் உச்சம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் 1980 என்பார்கள். அதற்கு வருகிறேன். என் கணக்கில் உச்சம் 1974, 1975. முதல் ஆண்டு கேன்டர்பரியை 19–4 என்று வென்று கோப்பை. அடுத்த ஆண்டு ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் தொடர்ந்து பத்தொன்பது ஆட்டங்களை வென்றது. இறுதிப் போட்டியில் செயின்ட் ஜார்ஜுக்கு எதிராக 38–0. ஒரு ட்ரைக்கு (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதற்கு) மூன்று புள்ளி மட்டுமே கிடைத்த காலத்தில் எடுத்த 38 அது. இறுதிப் போட்டியில் அதைவிடப் பெரிய வித்தியாசம் வர 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஆட்டத்தில் ஒரு விவரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இடைவேளையில் ஸ்கோர் 5–0. நாற்பது நிமிடம் இரு அணிகளின் ஃபார்வர்டுகளும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டிருந்ததன் கணக்கு அது. இரண்டாம் பாதியில் 33 புள்ளிகள் கொட்டின. செயின்ட் ஜார்ஜ் தலைவர் கிரேம் லாங்லாண்ட்ஸ் அன்று வெள்ளைக் காலணி போட்டு வந்தார்; வலிக்காகப் போட்ட ஊசி நரம்பில் பட்டுக் கால் மரத்துப்போனது; அந்தக் காலணிதான் இன்றும் நினைவுகூரப்படுகிறது. எனக்கு அந்த 5–0 போதும். எதிரணியின் நடுச்சுவர் எப்போது விரிசல் விட்டதோ அப்போதே ஆட்டம் முடிந்தது. பிறகு விளிம்பில் ஓடி ட்ரை போட்டவர்கள் அறுவடை செய்தார்கள்.

பீட்சன் அதை எப்படிச் செய்தார்? நேராக ஓடிவந்து மோதுவார். ஒருவரால் அவரை நிறுத்த முடியாது. இருவர், சில வேளை மூவர் வருவார்கள். மூவர் அவரிடம் வந்தால் சுவரில் வேறெங்கோ இரண்டு இடம் காலி. கைகளை அந்தப் பிடிக்கு மேலே உயர்த்தி, விழுவதற்கு முன் அந்தக் காலி இடத்தை நோக்கி ஓடிவரும் சகாவுக்குப் பந்தைத் தள்ளிவிடுவார். சொல்ல எளிது. தவறினால் பந்து எதிரணிக்கு. பயிற்சியாளர் முகத்தில் விழிக்க முடியாது. இன்றும் பல பயிற்சியாளர்கள் தங்கள் ப்ராப்புகளிடம் “வாங்கு, மோது, விழு, எழுந்து உருட்டு” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாதுகாப்பான வழி அது, கொஞ்சம் உயிரில்லாத வழியும்கூட.

1977இல் சிட்னி மைதானத்தில் உலகக் கோப்பை இறுதியில் கிரேட் பிரிட்டனை 13–12 என்று வென்ற ஆஸ்திரேலிய அணிக்கு அவர் தலைவர். அதே ஆண்டு ஈஸ்டர்ன் சபர்ப்ஸில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இரட்டைப் பொறுப்பு. வயது முப்பத்திரண்டு. அதன்பின் சரிவு. 1979இல் பாரமாட்டா கிளப்புக்குப் போனார். 1980இல் அங்கே முதல்நிலை அணியில் இடம் நிலையில்லை. இரண்டாம்நிலை அணியில் ஆடிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது ப்ராப்புக்கு வழக்கமாகக் கதை இங்கே முடியும்: ஒரு கைகுலுக்கல், ஒரு விருந்து, முட்டிவலி.

ஆனால் அந்த ஆண்டு குயின்ஸ்லாந்து லீக்கின் தலைவர் ரான் மெக்காலிஃப் ஒரு சூதாட்டம் ஆடினார். இரு மாநிலத் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களையும் வழக்கம்போல் நியூ சவுத் வேல்ஸ் வென்றுவிட்டது. மூன்றாவதை வேறு விதியில் ஆடுவோம் என்றார்கள்: எங்கே வசிக்கிறாய் என்பதை விட்டுவிட்டு, எங்கே ஆடத் தொடங்கினாய் என்று பார்ப்பது. ஆஸ்திரேலிய ரூல்ஸ் என்ற அந்நாட்டுக் கால்பந்து ஆட்டத்தில் ஏற்கெனவே சோதித்துப் பார்த்த யோசனைதான். சிட்னியில் பலர் சிரித்தார்கள். 1980 ஜூலை 8, பிரிஸ்பேனின் லாங் பார்க் மைதானம். முப்பத்து மூவாயிரத்துக்கும் மேல் கூட்டம். முதன்முறையாகத் தன் மாநிலத்தின் மெரூன் சட்டையில், அணித் தலைவராக, பீட்சன் முன்னே ஓடிவந்தார்.

குயின்ஸ்லாந்து 20–10 என்று வென்றது. அன்று இருபதாவது பிறந்தநாள் கொண்டாடிய மால் மெனிங்கா ஏழு உதையில் ஏழும் கோலாக்கினார். கிறிஸ் க்ளோஸ் ஆட்டநாயகன். ஆனால் ஊர் பேசியது பீட்சன் தன் பாரமாட்டா சகாவான மிக் க்ரோனினை அடித்ததைத்தான். கிளப்பில் ஒன்றாக ஆடுகிறவனையே மாநிலத்துக்காக அடித்தார், ஆகவே இந்தப் போட்டி உண்மையானது என்று கதை வளர்ந்தது. உள்ளபடி அது க்ரோனினைப் பிடிக்கப்போன வேகத்தில் பட்ட ஒரு கை. பெரிய குத்தெல்லாம் இல்லை. கதைக்கு அது தேவைப்பட்டதால் ஆண்டுதோறும் அந்தக் கை இறுகிக்கொண்டே போனது. ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் என்ற அந்தத் தொடர் இன்று ஆஸ்திரேலியாவில் அதிகம் பேர் தொலைக்காட்சியில் பார்க்கும் விளையாட்டு நிகழ்வுகளில் ஒன்று. அதை இரண்டாம்நிலை அணியில் கிடந்த முப்பத்தைந்து வயது ஃபார்வர்ட் தொடங்கிவைத்தார் என்பது சுவையான செய்தி. என்றாலும் அவருடைய ஆட்டத்திறனின் உச்சமாக அதைச் சொன்னால் ஐந்தாண்டுக்கு முந்தைய மனிதருக்கு அநியாயம் செய்கிறோம். 1980இல் அவர் தந்தது துணிச்சலும் பெயரும். 1975இல் தந்தது ஆட்டம்.

1981இல் பழைய ரெட்கிளிஃப் கிளப்புக்கே ஆட்டக்காரர்–பயிற்சியாளராகத் திரும்பினார். பிரிஸ்பேன் இறுதிப் போட்டியைக் கடைசி நிமிடத்தில் போட்ட ட்ரையில் சவுத்ஸ் அணியிடம் 9–13 என்று இழந்தார். (பாரமாட்டா அதே ஆண்டு தன் முதல் கோப்பையை வென்றது, கிப்சனின் பயிற்சியில். பீட்சனுக்குக் கால நேரம் எப்போதும் ஓர் ஆண்டு பிசகும்.) அந்த ஆண்டு ஆரிஜின் ஆட்டத்துக்கும் தலைவராகத் தேர்வானார், காயம். ஆகவே பயிற்சியாளராக வெளியே நின்றார். தலைமை வாலி லூயிஸ் என்ற இளைஞரிடம் போனது. பதினைந்து புள்ளி பின்தங்கிய குயின்ஸ்லாந்து 22–15 என்று வென்றது. பிறகு 1982, 83, 84 என மூன்று தொடர்களையும் பீட்சன் பயிற்சியில் குயின்ஸ்லாந்தே வென்றது. 1989இல் திரும்பி வந்து 3–0.

ஆடி முடித்தபின் ஃபார்வர்டுகள் என்ன செய்வார்கள் என்று கேட்டீர்கள் அல்லவா? நல்ல ஃபார்வர்டுகள் நல்ல பயிற்சியாளர்களாவது அடிக்கடி நடக்கிறது. ஆட்டத்தின் நடுவிலேயே நின்று, எந்த ஆள் எப்போது களைக்கிறான் என்பதை நெருக்கத்தில் பார்த்தவர்கள் அவர்கள். பீட்சன் மாநில அணியில் சாதித்த அளவு கிளப் பயிற்சியில் சாதிக்கவில்லை. ஈஸ்டர்ன் சபர்ப்ஸில் 1985 முதல் 1988 வரை, பிறகு குரோனுல்லாவில் 1992, 93. கோப்பை இல்லை. சில நாள் மட்டும் ஓர் அணியைக் கூட்டி உணர்ச்சியேற்றுவதும், ஆண்டு முழுவதும் காயமும் ஒப்பந்தமும் சம்பளமுமாக ஒரு கிளப்பை நடத்துவதும் ஒன்றல்ல. அவருக்கு முதலாவதுதான் வந்தது. அதன்பின் தன் பழைய கிளப்புக்காக இளம் ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை செய்தார். உள்நாட்டு ஊர்களில் தொல்குடி இளைஞர்கள் பலருக்கு அவர் வழிகாட்டி.

ஆட்டத்தின் மிக உயர்ந்த பட்டம் ‘இம்மார்ட்டல்’. 1981இல் முதல் நால்வருக்கு அளித்தார்கள். பீட்சன் ஏழாவதாகச் சேர்க்கப்பட்டார். ஒவ்வொரு காலத்திலும் ஆடிய எத்தனையோ ப்ராப்புகளை அந்தப் பட்டியல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ட்ரை போடுகிறவர்களும் திட்டம் வகுக்கிறவர்களும்தான் அங்கேயும் அதிகம். 2011 டிசம்பர் முதல் நாள், கோல்ட் கோஸ்ட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார், வயது 66. லாங் பார்க்கில் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது.

இவருடைய கணக்கை எல்லோருக்கும் பொருத்திவிடாதீர்கள். பதினெட்டுப் பருவம் ஆடுவது விதிவிலக்கு. தோள்பட்டை, முட்டி, கழுத்து என ஏதாவது ஒன்று பெரும்பாலான ஃபார்வர்டுகளை முப்பது வயதையொட்டி வெளியே அனுப்பிவிடும். தலையில் வாங்கிய அடிகளின் கணக்கு இன்னும் தாமதமாக வரும். வாலி லூயிஸ் ஃபார்வர்டாக அதிகம் ஆடியவரல்லர். அவரே தமக்கு மூளைச்சிதைவு நோய் இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் கண்டறிந்ததை 2023இல் பொதுவெளியில் சொன்னார். ஆட்டத்துக்கு நாற்பது டேக்கிள் செய்தவர்களின் தலைகளைப் பற்றி ஆட்டம் இப்போதுதான் முறையாகக் கவலைப்படத் தொடங்கியிருக்கிறது. தலையில் அடிபட்டவரை உடனே வெளியே அழைத்துப் பரிசோதிப்பது, தோளுக்கு மேல் பிடித்தால் தண்டிப்பது எல்லாம் அதன் விளைவு. பீட்சன் காலத்தில் முகர்ந்து பார்க்க ஓர் உப்புக்குப்பி, ஈரப் பஞ்சு, அவ்வளவுதான் வைத்தியம்.

ஒரு ஃபார்வர்டின் வேலையை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பினால் 1980 ஆட்டத்தின் பதிவைத் தேடிப் பாருங்கள். க்ரோனின் சம்பவத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். பந்து இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, பத்து நிமிடம் பீட்சனை மட்டும் கண்ணால் தொடருங்கள்: அவர் எங்கே நிற்கிறார், அவரை நோக்கி எத்தனை பேர் நகர்கிறார்கள், அதனால் யாருக்கு இடம் கிடைக்கிறது என்று. பிறகு இன்றைய ஆட்டம் ஒன்றில் ஏதாவது ஒரு ப்ராப்பை அதே போலத் தொடர்ந்து பாருங்கள். இன்றைய ஆள் வேகமாக இருப்பார், மெலிந்திருப்பார், கூடுதலாக ஓடுவார். அவருடைய கைகள் என்ன செய்கின்றன என்பதைக் கவனித்துவிட்டுச் சொல்லுங்கள். அதைப் பற்றி இன்னும் பேசலாம்.